போய்த் திரும்பும் வாக்கியங்கள்

இன்று சாயங்காலம் உங்கள் வீட்டு நோன்புக் கஞ்சி வந்தது. மதகடிப்பட்டிலிருந்து பாகூர் வரைக்கும் தூக்கு வாளியை வண்டியில் மாட்டிக்கொண்டு வந்த உன் அண்ணன், வாசலிலேயே நின்று, "அம்மா குடுத்தனுப்புச்சுபா. கழுவாம குடு" என்று சொல்லிவிட்டுப் போனார். நீ இல்லாமல் வரும் இரண்டாவது ரம்ஜான். மூடியைத் திறந்ததும் பூண்டும் வெந்தயமும் மணத்தன. யாரோ என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பது போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். பார்த்தேன்டா.

எங்கள் வீட்டுப் பழக்கம் உனக்குத் தெரியும். அடுத்த வீட்டுப் பாத்திரம் வந்தால் பளபளவென்று தேய்த்து, உள்ளே கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். உன் அம்மாவுக்கு அது பிடிக்காது. "எங்க பாத்திரத்த நாங்க கழுவிக்குறோம், உனக்கு இன்னாத்துக்கு அந்த வேல?" என்று என்னை எத்தனை தடவை விரட்டியிருக்கிறார்கள். அதையே நீ நம் எடிட்டருக்கும் சட்டமாக்கினாய்.

உங்கள் ஹார்டுவேர் கடை மாடியில் உட்கார்ந்து நாம் இரண்டு பேரும் எழுதிய எடிட்டர் அது, கம்ப்யூட்டரில் தமிழ் எழுதுவதற்கான மென்பொருள். தனக்கு வேண்டிய வசதியை யாரும் தானே எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் விசேஷம். எடிட்டரின் உட்பகுதி ஒரு புரோகிராம் மொழியில், சேர்க்கிறவர்கள் எழுதுவது வேறு மொழியில். நடுவே ஒரு பாலம் வேண்டும், அது விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஒரே மாதிரி நடக்கவும் வேண்டும். உட்பகுதியின் பக்கத்தை நீ எழுதினாய், சேர்க்கைகளின் பக்கத்தை நான். எந்தப் பக்கம் எழுத்தை வைக்க மெமரியில் இடம் எடுக்கிறதோ, அந்தப் பக்கம்தான் அதைக் காலி செய்ய வேண்டும். "பாத்திரம் யாருதோ அவன் கழுவட்டும், அவ்ளோதான்டா" என்றாய்.

பாலம் உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு ஏற்பாடும் செய்தாய். எடிட்டரைத் திறக்கும்போதெல்லாம் உன் பக்கத்திலிருந்து சில தமிழ் வாக்கியங்கள் என் பக்கத்துக்கு வரும். என் பக்கம் அவற்றை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு புள்ளி மாறினாலும் எடிட்டர் திறக்காது. எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், எழுத உட்கார்ந்தவருக்குத் தெரியவே தெரியாது. எதையாவது எழுதி வைத்தால் போதும் என்கிற அந்த வாக்கியப் பட்டியலில், அன்றன்று உன் வாயில் வந்ததையெல்லாம் எழுதி வைத்தாய்.

பிறகு விண்டோஸில் மட்டும் எடிட்டர் திடீர் திடீரென்று நின்றுபோக ஆரம்பித்தது. "உன் பக்கம்தான்டா. ஒரு தடவ பாரேன்" என்றாய். என் லேப்டாப்பில் லினக்ஸ், அதில் ஒரு குறையும் இல்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்கிட்ட நல்லாத்தான் ஓடுது. கடையில பில்லு போடுற மெஷின்ல வேற இன்னா ஓடும்?" என்று கேட்டுவிட்டேன். அந்தக் கம்ப்யூட்டரில்தான் நீ ஐந்து வருடமாக எழுதிக்கொண்டிருந்தாய். கீழே போய் யாருக்கோ கதவுக் கொண்டி எடுத்துக் கொடுத்தாய். நான் பஸ் ஏறிவிட்டேன்.

அதற்கப்புறம் நான் பேசவில்லை. பதினோராம் நாள் உனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். சரியாகட்டும், போய்ப் பார்க்கலாம் என்றிருந்தேன். பதினான்காம் நாள் கபர்ஸ்தானில் நின்று உன்மேல் மூன்று பிடி மண் போட்டேன்.

போன ஐப்பசியில் வில்லியனூரிலிருந்து ஒரு டீச்சர் போன் செய்தார். நம் எடிட்டரில்தான் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர். "தம்பி, நான் எழுதாததெல்லாம் நடுவுல வருது. என் பக்கம் ரெண்டு காணாம போச்சு" என்றார். என்ன வருகிறது என்று கேட்டேன். நிதானமாகப் படித்தார். "'மழ வரும் போலகீது, ஷட்டர எறக்கணும்.' இப்பிடி இருக்கு தம்பி."

வெளியே அப்போதுதான் தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டார். இந்தத் தடவை, "ஏரி ரொம்பிடுச்சாடா?" பாகூர் ஏரி அன்று காலையில்தான் நிரம்பியிருந்தது. "யாரு தம்பி இது? எங்கிட்டதான் கேக்குதா?" என்றார். எனக்குத் தெரிந்தவன்தான் என்று சொல்லாமல், பார்க்கிறேன் என்று போனை வைத்தேன். அவருடைய இரண்டு வருட உழைப்பு அந்த ஃபைலில் இருந்தது. பேயோ பிசாசோ, நான் கண்டுபிடித்தே ஆக வேண்டியிருந்தது.

உங்கள் கடைக்குப் போய் உன் கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தேன். மூன்று நாளில் அகப்பட்டது. தப்பு என் பக்கம்தான். நீ அனுப்பிய எழுத்தை வாங்கிக்கொண்டு, வளர்த்த வளர்ப்பு அப்படியே வந்து, உன் பாத்திரத்தை நான் கழுவியிருந்தேன். உன் பக்கம் எடுத்த இடத்தை என் ஒரு வரி காலி செய்துகொண்டிருந்தது. லினக்ஸில் அது எப்படியோ தப்பித்துவிட்டது. விண்டோஸில் சில நேரம் எடிட்டர் நின்றது. சில நேரம் காலியான இடத்தில் உன் வாக்கியம் வந்து உட்கார்ந்தது, அதை டீச்சர் எழுதியது என்று நம்பித் திரை காட்டியது. நீ சொன்னபடி ஒரு தடவை பார்த்திருந்தால் ஒரே மதியத்தில் முடிந்திருக்கும்.

என் வரியை அழித்தேன். தவறு என்னுடையது என்று திருத்தக் குறிப்பில் என் பெயரோடு பதிந்தேன். டீச்சரின் பக்கங்கள் பிழைத்தன. ஒரு வாரம் கழித்துப் பேசினார். "இப்ப ஒண்ணும் வர்றதில்ல தம்பி. ஆனா கொஞ்ச நாளா யாரோ கூட இருந்த மாதிரி இருந்துச்சு" என்றார். போனை வைத்துவிட்டு நான் அழுதேன்.

மழைக்கும் ஏரிக்கும் எனக்கு விளக்கம் கிடைத்தது. அவை உன் பட்டியலில் இருந்தன, ஐப்பசியில் மழையும் பெய்யும், ஏரியும் நிரம்பும். ஆனால் பட்டியலின் கடைசி வரியை உன் கம்ப்யூட்டரில் தேடியபோதுதான் பார்த்தேன். நாம் சண்டை போட்ட ஐந்தாம் நாள் சேர்த்திருக்கிறாய். சோதித்துப் பார்க்கிறபோது என் கண்ணில் படும் என்று நினைத்திருப்பாய். நான் சோதிக்கவே இல்லை. நீ போன பிறகு, உன் பக்கத்தைத் திறக்காமலே அப்படியே புதுப் பதிப்பாக எல்லோருக்கும் அனுப்பியிருந்தேன்.

"இன்னாடா, இன்னும் கோவமா?"

அந்த எடிட்டர் எந்த ஊரில், எந்த மேசையில் திறந்தாலும் உன் பக்கம் கடைசியாக இதைக் கேட்கிறது. என் பக்கம், ஒரு புள்ளி மாறாமல், "இன்னாடா, இன்னும் கோவமா?" என்று உன்னிடமே திருப்பிக் கேட்கிறது. சரியாக இருக்கிறது என்று பாலம் திறந்துகொள்கிறது. நீ போன பிறகும் இத்தனை நாளாக நான் உனக்குச் சொல்லிக்கொண்டிருந்த பதில் இதுதான்.

ஒரே ஒரு தடவை, என் கம்ப்யூட்டரில் மட்டும், அந்தப் பதிலை மாற்றிப் பார்த்தேன். "இல்லடா" என்று அனுப்பினேன். எடிட்டர் திறக்கவில்லை.