நிற்கவைத்த இறக்கைகள்

சுராபாயா,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் வெனிங்குக்கு,

நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், ரோட்டர்டாம் குளிரில் நீயும் அப்படியே இருக்க அல்லாஹ் அருள வேண்டும். அப்பாவின் முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. பதினொரு நாளாக மனிதர் கசங்கிய சட்டையோடுதான் பள்ளிவாசலுக்குப் போய் வந்தார், காரணம் நான்தான். நீ விட்டுப்போன பெரிய கம்ப்யூட்டரை நிறுத்தாமல் ஓட்டினேன், இஸ்திரிப் பெட்டியையும் போட்டால் வீட்டில் மின்சாரம் போய்விடும் என்று உனக்கே தெரியும். "இந்த வயசுல உனக்குக் கம்ப்யூட்டர் மேல என்னடி காதல்" என்று முதல் நாள் கேலி செய்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கசங்கிய சட்டையையே உதறி மாட்டிக்கொண்டார்.

மூழ்கிப்போன அந்தப் பயணிகள் கப்பலுக்காகத்தான் ஓட்டினேன். பின்பக்கத் தகடு பிளந்து, இயந்திர அறையில் இருந்த இரண்டு பேர் செத்தார்கள். பராமரிப்பில்லை என்று கப்பலின் தலைமை இஞ்சினியர் துகிரானைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறார்கள். புது புரொப்பெல்லர் மாட்டிய மாதமே அவர், அதை வடிவமைத்த நம் ஆபீசுக்கு வந்து, "கப்பல் நடுங்குதும்மா, மேசையில டீ கிளாஸ் நிக்க மாட்டேங்குது" என்று சொன்னார். "கம்ப்யூட்டர்ல எல்லாம் சரியா இருக்குங்கண்ணே" என்று அனுப்பிவைத்தவள் நான். இந்தப் பெருநாளன்று வழக்கம்போல வீடு வீடாக மன்னிப்புக் கேட்டுப் போனபோது அவர் வீட்டுக்கும் போனேன். அவர் மனைவி சுமிரா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எங்களுக்கு என்னக்கா தப்பு செஞ்சீங்க, நீங்களாவது வந்தீங்களே" என்று அழுதாள். உண்மையைச் சொல்லாமலே அவள் வைத்ததைத் தின்றுவிட்டு வந்தேன்.

நாளை விசாரணையில் சொல்லப்போவதை உனக்கே ஒரு முறை எழுதிப் பார்க்கிறேன். கம்ப்யூட்டரில் புரொப்பெல்லரின் இறக்கைகளை நிற்கவைத்து, சுற்றியுள்ள தண்ணீர் சுழல்வதாகக் கணக்குப் போட்டால் அரை நாளில் முடியும். நிஜமாகவே இறக்கைகளைச் சுழலவிட்டால் பதினொரு நாள். போன வருஷப் பெருநாள் விடுமுறைக்கு முன்னால் முடிக்க முதலாளி அவசரப்படுத்தினார், நான் நிற்கவைத்தேன். உந்துவிசை சரியாக வந்தது, படங்களும் அழகாக வந்தன. ஆனால் ஒவ்வொரு இறக்கையும் தகட்டுக்கு அடியில் வந்து போகும்போது தண்ணீர் தகட்டை மேல்நோக்கி அறைகிறதே, அது நிற்கிற இறக்கையில் எப்படித் தெரியும்? இந்தப் பதினொரு நாள் சுழலவிட்டதில் தெரிந்துவிட்டது. அறை விழுகிற இடமும் தகடு பிளந்த இடமும் ஒன்று.

முதலாளி குணாதி, "அந்தக் கணக்கு அறிக்கையில உங்க பொண்ணு பேரும் இருக்கு, யோசிச்சுப் பேசுங்க" என்றார். உண்மையில் அதனால்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீயும் போனில், "அந்தக் கணக்குக்குத் தண்ணியைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு வலை போட்டது நான்தானேம்மா, நானும் பங்கெடுத்துக்கறேன்" என்று அழுதாய். அதெல்லாம் வேண்டாம். "அம்மா, இதைச் சுழலவிட்டுப் பார்க்க வேண்டாமா?" என்று நீ அன்று கோப்பில் குறித்ததும், "தேவையில்லை, முடித்து அனுப்பு" என்று அதன் கீழே நான் எழுதியதும் அப்படியே இருக்கின்றன. அந்தத் தாளின் நகலை வியாழக்கிழமையே துகிரானின் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். என் வேலை போகும், துகிரான் இடத்தில் என்னை உட்காரவைத்தாலும் வைப்பார்கள். பயமாகத்தான் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நூறு வயசு நல்லபடியாக இருக்க வேண்டும் கண்ணு. ஒன்று மட்டும் மறக்காதே. கூப்பிட்டு விசாரித்தால் எனக்காக ஒரு வார்த்தையும் கூட்டாதே. நீ என்ன கேட்டாய், அம்மா என்ன பதில் சொன்னாள், அதை மட்டும் சொல்.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். அப்பாவின் சட்டைக்கு இஸ்திரி போட்டிருக்கிறேன், நாளை அவரும் என்னோடு வருகிறார்.

உன் அம்மா,
முர்தினா