முழு டைம்லைன்

வெள்ளி இரவு, இஷா தொழுகைக்குப் பிறகு

ரிஸ்னா இன்னும் ஃபோனை எடுக்கவில்லை.

அவளுடைய கல்யாணத்தில் பெண்கள் பக்கத்தை நான்தான் படம் பிடித்தேன். அந்த அறைக்குள் ஆண்கள் வருவதில்லை. எல்லோரும் முக்காட்டைக் கழற்றிவிட்டு ஆடினார்கள். "டிஸ்க்கில மட்டும் தாங்க மகள். ஃபோனுக்குப் போனா ஊரெல்லாம் சுத்தும்" என்று அவளுடைய உம்மா சொன்னார். அப்படியே கொடுத்தேன்.

இன்று பின்னேரம், அசருக்குப் பிறகு ரிஸ்னாவே என்னை ஃபோனில் கூப்பிட்டாள். "ராத்தா, மாப்பிள்ளை கட்டார்ல இரிந்து கேட்டுட்டே இரிக்காரு. நான் தனிய இரிக்கிற துண்டை மட்டும் ஃபோனுக்குச் சின்னதாப் போட்டு அனுப்புங்க."

அந்தத் துண்டின் தொடக்கத்தையும் முடிவையும் எடிட்டிங் டைம்லைனில் குறித்தேன். எம்பி ஃபோரைத் தேர்ந்தேன், அளவைக் குறைத்தேன், எக்ஸ்போர்ட் கொடுத்து அனுப்பினேன். "அவருக்கும் அனுப்பிட்டன் ராத்தா" என்று பதில் வந்தது.

பிறகுதான் ஃபைலின் நீளத்தைப் பார்த்தேன். எக்ஸ்போர்ட் கொடுக்கும்போது 'குறித்த பகுதி' என்று மாற்ற வேண்டிய இடத்தை 'முழு டைம்லைன்' என்றே விட்டிருக்கிறேன். ரெசல்யூஷனைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்த எனக்கு அது கண்ணில் படவில்லை. படம் முழுவதும் போய்விட்டது.

நான் அனுப்பியதை அழித்துவிட்டேன். அவள் அனுப்பியதை அவள்தான் அழிக்க வேண்டும். மஃரிப் தொழுததிலிருந்து ஃபோன் அடிக்கிறேன், மணி போகிறது, எடுக்கிறாள் இல்லை. அவளுடைய உம்மாவுக்கு அடித்து என்னவென்று சொல்வது?

யார் யார் இருக்கிறார்கள் என்று படத்தை மறுபடி ஓட்டினேன். அவளுடைய தங்கை, மாமி, கூட்டாளிகள். கடைசியில் அலுமாரிக் கண்ணாடி. அதில் கேமராவைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நிற்பது நான். என் தலையிலும் முக்காடு இல்லை.