பின்சுவரில் கட்டிய மெத்தைகள்

பூதப்பாண்டி

அன்பு மகள் சபிதாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் சுகம், மழை பிடித்ததிலிருந்து அம்மாவுக்கு முட்டுவலி மட்டும் கொஞ்சம் கூடுதல். ஐதராபாத்தில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன், நேரத்துக்குச் சாப்பிடு மக்கா.

நாம் சரியாகப் பேசி ஒரு மாதம் ஆகிறது, பிழை என்மேல்தான். பிசிக்ஸ் படிக்கப் போனவள், இனி பிசிக்ஸும் இசையும் கவிதையும் சேர்ந்த படிப்புக்கு மாறப்போகிறேன் என்றதும், மூன்றையும் பிடித்தால் ஒன்றும் கையில் நிற்காது என்று கத்திவிட்டேன். அப்பா சம்மதிக்காமல் விண்ணப்பம் போடமாட்டேன் என்று நீ சொன்னதை அம்மா சொன்னாள். போனில் பேசினால் குரல் இடறும், அதனால்தான் எழுதுகிறேன்.

அறுப்பின் பண்டிகைக்கு நீ எழுதி மெட்டுப் போட்டு அனுப்பிய பாட்டை நம்ம புது சர்ச்சில் பாடிப் பார்த்தார்கள், ஒரு சொல்லும் விளங்கவில்லை. கட்டினதிலிருந்தே அங்கே போதகரின் பிரசங்கம்கூட முழங்கிக் குழம்பித்தான் கேட்கும், உனக்குத் தெரியும். கமிட்டியில் ஜெபகனி அண்ணன், பிசிக்ஸ் படிக்கிற பிள்ளைக்குப் பாட்டு எழுத என்ன வரும், பழைய பாட்டையே பாடுங்கள் என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் சொன்ன பேச்சுதானே அது, இன்னொருவர் வாயில் கேட்கச் சகிக்கவில்லை. அம்மா அன்றைக்கே உன்னிடம் கேட்க, பாட்டிலும் மைக்கிலும் குறை இல்லை, பின்சுவர் வெறும் சிமெண்ட், சத்தம் அதில் மோதித் திரும்புகிறது, கனமான பஞ்சு எதையாவது ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள் என்று வாய்ஸ் மெசேஜ் போட்டாயே, அதை அவள் என் காதில் மூன்று தடவை வைத்தாள். மெத்தைக்கடைக்காரனுக்குப் பஞ்சுக்கா பஞ்சம்? சனிக்கிழமை கோட்டாற்றுக் கடையிலிருந்து பதினாறு மெத்தையை வேனில் ஏற்றிப் போய் மூங்கில் கட்டித் தொங்கவிட்டேன். பிரசங்கத்தில் தூங்குகிறவனுக்கு இனி மெத்தையும் உண்டா செல்வதாஸ் என்று ஜெபகனி அண்ணன் கேட்க எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், உள்ளுக்குள் பயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை உன் பாட்டைத் தொடங்கினார்கள். நெல்லுக்கு முன்னே நனைந்தது மண், நன்றிக்கு முன்னே நனைந்தது கண் என்று ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து விழுந்தது. வீட்டில் அம்மா முணுமுணுத்த பாட்டுதான், எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. ஜெபகனி அண்ணன் எழுந்து கடைசி வரிசைக்குப் போய் நின்று கேட்டார். வெளியே வந்ததும், சுவருக்கு வழி சொன்ன எஞ்சினியர் யார் என்றார். பாட்டு எழுதினவள்தான் என்றேன். அவர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார். நான் குழாயடியில் போய் முகம் கழுவிக்கொண்டு நின்றேன். இரண்டும் ஒரே பிள்ளையின் புத்தி, அதை எதற்கு வெட்டப் பார்த்தேன் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

விண்ணப்பத்தை அனுப்பு மக்கா, அப்பாவுக்குப் பூரண சம்மதம். வேலை கிடைக்குமா என்ற பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். பயப்படுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ படிக்கிற வேலையைப் பார். மெத்தைகள் அங்கேயே கிடக்கட்டும் என்று கமிட்டி முடிவு செய்திருக்கிறது, கிறிஸ்துமஸுக்கு வரும்போது எங்கே கூட்ட, எங்கே குறைக்க என்று நீயே வந்து சொல்லவேண்டுமாம், ஜெபகனி அண்ணன்தான் சொல்லிவிட்டார். எண்ணெய் தேய்த்துக் குளி. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. கடைசித் தேதி இருபத்தைந்து என்று இருந்துவிடாதே, கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே அனுப்பிவிடு.

உன் அப்பா,
செல்வதாஸ்