எரியாத விளக்கு

சனிக்கிழமை, ஒக்டோபர் 25

பகல் காருக்குக் குளிர்காலச் சில்லுகளை மாற்றினோம். போன மாதம் வாங்கிய பழைய கார். மனைவி ரஜனியோடு ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். ஒரு எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. திருப்தியாக இறங்கினேன். அவள் இறங்கவில்லை.

"இஞ்சேருங்கோ, இந்தச் சில்லுகளுக்குள்ள காத்தை அளக்கிற சென்சர் இல்லை. அப்ப காத்து லைட் எரியத்தானே வேணும்?"

"எரியாட்டி நல்லதுதானே?"

எட்டி எஞ்சினை அணைத்துவிட்டுச் சாவியை மறுபடி திருப்பினாள். எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிந்து அணைந்தன. காற்று விளக்கு மட்டும் கண் திறக்கவேயில்லை.

"பாத்தீங்களோ? லைட்தான் செத்துப்போச்சு. காத்துப் போனாலும் இது சொல்லாது."

எரிகிற விளக்கைக் கண்டு பதறத்தான் எனக்குத் தெரியும். எரியாத விளக்கைச் சந்தேகப்பட இவளால்தான் முடியும். எத்தனை வருடம் கூட வாழ்ந்தாலும் இந்தக் கண் எனக்கு அதிசயம்தான்.

திங்கட்கிழமை டொக்டரைப் பார்க்க எனக்கு டெர்மின், நேரம் குறித்துத் தந்திருக்கிறார்கள். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

சாப்பிடும்போது கேட்டாள்: "ஒரு கிழமையா நீங்கள் ஒண்டுக்கும் கத்தேல்லை. என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை" என்றேன்.

சாவியை இன்னொருமுறை திருப்பப் போகிறவள்போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.