தங்க அன்டெனாவும் உன் மூச்சும்

இன்று காலை ஆய்வகத்தில் அசிற்றோன் போத்தலைத் திறந்தேன். அந்த மணத்தோடு நீயும் வந்துவிட்டாய். "நகப்பூச்சுக் கடைக்குள்ள நிக்கிற மாதிரிக் கிடக்கு" என்று மூக்கைச் சுளித்துக்கொண்டே கருவியின் சிப் சில்லுகளைக் கழுவுவாய்.

கிளிநொச்சி வளாகத்தில் ஒன்றாகப் படித்து, ஒன்றாகவே ஆய்வில் சேர்ந்தோம். நீ நெடுங்கேணியிலிருந்து பஸ்ஸில் வருவாய். உங்கள் பக்கத்தில் பலருக்குச் சிறுநீரக நோய். உன் அப்பாவும் அதில்தான் போனார். அந்த வருத்தம் முற்றினால் மூச்சில் அமோனியா கூடும், அகச்சிவப்பு லேசரால் அதை அறியலாம் என்று வாசித்த நாளிலிருந்து உனக்கு வேறு கதையில்லை. "ஊசி குத்தாமல், ஊதச் சொல்லியே பாக்கலாமடி" என்பாய்.

கருவியைச் செய்தோம். ஆனால் மூச்சைக் கடந்து வரும் ஒளியில் அமோனியாவால் உண்டாகும் சின்னக் குறைவு நம் மலிவான உணரிக்குத் தெரியவில்லை. நீதான் நானோ அன்டெனாக்களைப் பிடித்துக்கொண்டாய். கூரையில் நிற்கும் அன்டெனா டிவி அலையைப் பிடிப்பதுபோல, தலைமயிரின் தடிப்பைவிட மிகச் சிறிய தங்கக் கம்பிச் சோடிகள் ஒளியைப் பிடித்து, தமக்கு நடுவிலுள்ள இடைவெளியில் குவிக்கும். உணரி அங்கே இருந்தால் மங்கல் ஒளியையும் காணும். கம்பியின் நீளம் கொஞ்சம் பிசகினாலும் ஒளி பிடிபடாது. நம் வரைபடத்தின்படி வெளிநாட்டு ஆய்வகமொன்று செய்து அனுப்பிய முதல் சில்லுகள் பயன்படவில்லை. நீ அலுக்காமல் திருத்திக்கொண்டே இருந்தாய்.

புதிய சில்லு வந்த அன்று முதலில் நான் ஊதினேன். அமோனியா கூடினால் திரையில் கோடு ஏறவேண்டும். எனக்குத் தாழ்ந்தே கிடந்தது. பிறகு நீ ஊதினாய். கோடு மேலே ஏறி நின்றது.

"எங்கயோ பிழை" என்று நான் வயர்களைத் தடவத் தொடங்கினேன்.

நீ கதிரையை இழுத்து உட்கார்ந்தாய். "பிழை இல்லையடி. போன மாசம் வவுனியா ஆஸ்பத்திரியில ரத்தம் பாத்தவை. எனக்கும் அதுதான்."

நீ திரையைக் காட்டிச் சிரித்தாய். "நாங்கள் செய்தது வேலை செய்யுது. அதைப் பார். அழுகிறதெண்டால் அழு. முதல்ல இதைச் சேமிச்சு வை."

சேமித்தேன். பிறகுதான் உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ரத்தம் சுத்திகரிக்கும் நாட்களிலும் உனக்கு ஓய்வில்லை. லேசரின் முகப்பிலும் அன்டெனா வைத்தால் கதிர் இன்னும் ஒடுங்கி வருமென்று, ஊசி ஏறிய கையை அசைக்காமல் மற்றக் கையால் எனக்கு வரைந்து காட்டினாய். அதை நான் செய்து முடித்தபோது நீ இல்லை.

போன கிழமை உன் அம்மா உன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தா. "இது ஆராய்ச்சிக் கருவிதான் அம்மா, ரத்தமும் பாக்கவேணும்" என்று சொல்லிவிட்டுத்தான் ஊதச் சொன்னேன். அவள் ஊதினாள்.

"என்ன காட்டுது பிள்ளை?"

"கோடு ஏறேல்லை அம்மா. ரத்தத்தையும் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்கோ."

"ஓம், சொல்லுறன்" என்றா அம்மா. தங்கச்சியின் தலையைத் தடவிய கையை வாசல் வரைக்கும் எடுக்கவில்லை.

நீ ஊதிய அன்று திரையையும் வயர்களையும்தான் பார்த்தேன், உன் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால் எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. யார் ஊதினாலும் முதலில் அவர்களுடைய முகத்தைப் பார்க்கிறேன். திரையை அதன் பிறகுதான் பார்க்கிறேன்.