சொல்லாமல் அணி மாறியவன்

அண்ணே,

நேற்று டூட்டி முடிந்து கேம்புக்குத் திரும்பும் பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் முழங்காலில் பச்சைத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏசி காற்றில் அந்த வாசனை பஸ் முழுக்கப் பரவியது. நாகர்கோவில் கல்லூரி விடுதியில், ஆட்டத்துக்கு முன்னால் என் கணுக்காலைப் பிடித்து நீங்கள் தேய்த்துவிட்ட அதே தைலம். புஜைரா ரவுண்டானா தாண்டும்வரை கண்ணை மூடிக்கொண்டு உங்களோடு இருந்தேன்.

நீங்கள் கால்பந்து அணியின் தலைவர், என் அறைத் தோழர். நான் இடது ஓரத்தில் ஓடுகிறவன். ஓடினேன் என்று சொல்வதே அதிகம். முதல் வருடம் முழுக்க பெஞ்சில்தான் இருந்தேன். அப்போதுதான் எதிர்க் கல்லூரிப் பயிற்சியாளர் ஆள் அனுப்பினார். அங்கே வந்தால் எல்லா ஆட்டத்திலும் இறக்குவாராம். அவர்களுடைய மஞ்சள் நிறத்தில் சட்டை போட்டு வந்தால்கூட நம் மெஸ்ஸில் சண்டை வரும், அப்படி ஒரு பகை. நீங்கள் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்த மூன்று நாளில் டி.சி. வாங்கினேன். ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதிவைக்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

அந்த வருட இறுதி ஆட்டத்தில், கோலுக்கு முன்னால் நின்ற உங்களைத் தாண்டிப் பந்தை உள்ளே தள்ளியது நான்தான். கடைசி விசில் ஊதியதும் நீங்கள் என்னை நோக்கி வேகமாக நடந்து வந்தீர்கள். அடிக்கத்தான் வருகிறீர்கள் என்று நினைத்து, மைதானத்தின் பின்மதிலில் ஏறிக் குதித்து ஓடினேன். அதன் பிறகு ஏழு வருடம் உங்கள் கண்ணில் படவே இல்லை.

பிறகு அமீரகத்துக்கு, இந்தப் புஜைராவில் எண்ணெய்த் தொட்டி கட்டும் சைட்டுக்கு வேலைக்கு வந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் கேம்புகளுக்குள் மணல் மைதானத்தில் ஆட்டம் நடக்கும். ஒரு வெள்ளியன்று எதிர் கேம்ப் அணியில் முன்வழுக்கையும் தொந்தியுமாக ஒருவர் நின்று எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார். குரலை வைத்துத்தான் நீங்கள் என்று தெரிந்தது. கால் சுளுக்கு என்று பொய் சொல்லிவிட்டு, தண்ணீர் லாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். இடைவேளையில் நீங்கள் நேராக அங்கே வந்தீர்கள்.

"எதுக்குலே ஒளிஞ்சு இருக்க? இங்க ஏறிக் குதிக்க மதிலும் இல்ல."

"ஒங்க மூஞ்சில முழிக்கப் பயம்ணே. அன்னைக்கு அடிக்க வந்தீங்கல்லா."

"கை குடுக்கத்தாம்ல வந்தேன். என்னயத் தாண்டி ஒருத்தன் கோல் போட்டா கை குடுக்காண்டாமா?"

"காலேஜ் மாறுனதுக்குக் கோவம் இல்லியா?"

"பெஞ்சுல உக்கார வச்சா எவனும் போவத்தான் செய்வான். திருவிழா முடிஞ்சு ஒனக்குன்னு முறுக்கு கொண்டு வந்தேன். ரூம்ல ஒங் கட்டில் மட்டும் கெடக்கு. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

"சொன்னா நீங்க விட்டிருக்க மாட்டீங்கல்லா."

"மாட்டேன். ரெண்டு நாள் சண்ட போட்டிருப்பேன். மூணாம் நாள் நானே பெட்டியத் தூக்கிட்டு வந்து பஸ் ஏத்தி விட்டிருப்பேன்."

மன்னித்துவிடுங்கள் என்று ஒருவழியாகச் சொன்னேன். "செரி, கலாஸ், முடிஞ்சுது. எந்திச்சு வா, செகண்ட் ஹாஃப்ல எறங்கு" என்றீர்கள். ஆட்டத்தில் தோற்றோம். அன்று மதியம் நான் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன்.

அடுத்த வருடம் உங்கள் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. விசா கொடுத்த முதலாளியான கபீல் ரிலீஸ் கொடுத்ததால் எங்கள் கம்பெனியில் சேர்ந்தீர்கள். எங்கள் கேம்ப், எங்கள் அணி. வருவதற்கு முந்தின வெள்ளியன்று பழைய அணியை மைதானத்தின் நடுவில் கூட்டினீர்கள். உங்கள் இந்தி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "பாய், அடுத்த ஜும்மா நான் அந்த டீம்" என்று விரலை எங்கள் பக்கம் நீட்டினீர்கள். கோல்கீப்பராக நின்ற பட்டான், "தோக்கா, பாய், தோக்கா" என்று தலையில் அடித்துக்கொண்டார். துரோகம் என்று திட்டிய அதே மனிதர் அடுத்த நிமிடம் உங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் தோளுக்கு மேலாக ஒரு தடவை என்னைப் பார்த்தீர்கள். எனக்குப் புரிந்தது.

இரண்டு வருடம் ஒரே அணியில் ஆடினோம். முன்பு பெஞ்சிலிருந்து பார்த்த உங்கள் பந்து, இப்போது என் காலுக்கே வந்தது.

பிறகு வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போனீர்கள். எட்டே மாதத்தில் அண்ணி போன் செய்தார்கள். நெஞ்சுவலி என்று உட்கார்ந்த நீங்கள் அப்புறம் எழுந்திருக்கவே இல்லையாம். எனக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த வாரம் பேசியபோது அண்ணி, "ரெண்டு காலேஜ் ஆளுங்களும் வந்து தூக்குனாங்க தம்பி" என்றார்கள். சைட்டில் ஒரு பைப் குவியலுக்குப் பின்னால் நின்று அழுதேன். ஆனால் அண்ணே, அந்த அழுகையில் பயமில்லை. உங்களிடம் பேசாமல் விட்டது ஒன்றுமில்லை. அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் தண்ணீர் லாரி வரை நடந்து வராமல் இருந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ. நல்லவேளை, வந்தீர்கள்.

எனக்கு ரியாத்தில் வேலை கிடைத்திருக்கிறது. முதலில் போர்மேனிடம் சொன்னேன். அரைமணி நேரம் திட்டினார். பிறகு அணியிடம் சொன்னேன். அறையில் ஒருவர் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. பேசுகிறபோது பேசட்டும், ஆனால் என் வாயால் கேட்டுத்தான் அவர் கோபப்பட்டிருக்கிறார். சொல்ல வேண்டியவர்களில் பாக்கி நீங்கள் ஒருவர்தான்.

அண்ணே, அடுத்த வாரம் நான் ரியாத் போகிறேன்.