கேரம் போர்டுக்கு ஓர் உபயம்

நவம்பர் 30, ஞாயிறு

மழை விட்டபாடில்லை. எங்கள் கேரம் மன்றத்து போர்டு ஈரம் குடித்து வயிறு உப்பிவிட்டது. எந்தக் காயை எங்கே அடித்தாலும் ஒரே மூலைக்கு நழுவிப் போகிறது. விஜயஸ்ரீ அரைமணி நேரம் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டாள்.

"எப்பா, இதுல பழகிட்டு மதுரைக்குப் போனா அங்க எனக்கு ஒத்தக் காய் விழாது."

ஜனவரி பத்தாம் தேதி மாநிலப் போட்டி. எங்கள் மன்றத்திலிருந்து அந்த அளவுக்குப் போகிற முதல் ஆள் என் மகள்தான். போட்டிகளில் வைக்கிற கனமான போர்டு ஒன்று வேண்டும். விலை கேட்டேன். கேட்டதோடு சரி.

நான்தான் மன்றத் தலைவர். ஆட்டத்தில் கெட்டிக்காரன் என்பதால் அல்ல. நான் தண்ணீர் கேன் அடுக்குகிற கொட்டகையில் மன்றம் நடக்கிறது, அதனால்.

டிசம்பர் 3, புதன்

பணம் திரட்ட யோசனைக் கூட்டம். பதினோரு பேரில் நாலு பேர் வந்தோம். முறுக்கு சுட்டு விற்கலாம் என்று முடிவாயிற்று. வீட்டுக்கு வந்து என் மனைவி பொன்செல்வியிடம் சொன்னேன். "யாரு சுடுவா?" என்றாள். அந்த யோசனை அதோடு போயிற்று. கட்டணம் வைத்துப் போட்டி நடத்தலாம் என்று போனில் சொன்னான் மன்றத்துக் கண்ணன். எந்த போர்டில்?

கடைசியில் நான் சொன்னதுதான் நின்றது. வீடு வீடாகப் பழைய பேப்பர் வாங்கி எடைக்குப் போடுவது.

டிசம்பர் 7, ஞாயிறு

பேப்பர் தூக்க நானும் உமர் பாரூக்கும் மட்டும். பாரூக் மேலப்பாளையத்தில் மரச்சாமானுக்கு பாலிஷ் போடுகிறவன். மற்றவர்கள் போனையே எடுக்கவில்லை.

"பதவி குடுங்க அண்ணாச்சி, ஓடி வருவானுவ" என்றான்.

டிசம்பர் 8, திங்கள்

கொடுத்தேன். நாலு துணைத்தலைவர், இரண்டு செயலாளர், ஒரு பொருளாளர், ஒரு அமைப்பாளர், இரண்டு ஆலோசகர். எல்லோருக்கும் பரம சந்தோஷம்.

டிசம்பர் 14, ஞாயிறு

பேப்பர் தூக்க நானும் பாரூக்கும்.

கண்ணனைக் கூப்பிட்டதற்கு, "துணைத்தலைவர் பேப்பர் கட்டு சுமந்தா நாலு பேரு என்னவே நினைப்பான்?" என்கிறான். தப்பு என் மேல்தான். சுமப்பதற்கு ஒரு சாதாரண உறுப்பினரையாவது மிச்சம் வைத்திருக்க வேண்டும். இரண்டு வார உழைப்பு கேரம் பவுடர் வாங்கத்தான் தேறும்.

டிசம்பர் 19, வெள்ளி

டவுனில் சிமெண்டுக் கடை வன்னியராஜ் அண்ணாச்சிக்குக் கேன் போடும்போது பேச்சோடு பேச்சாகச் சொல்லி வைத்தேன். முழு போர்டும் தன் பொறுப்பு என்றுவிட்டார்!

"பேரு மட்டும் நல்லாத் தெரியணும்வே."

அதென்ன பெரிய காரியம்? கோயிலுக்கு ஒரு டியூப்லைட் கொடுத்தாலே, வெளிச்சம் வர இடமில்லாமல் உபயம் என்று பேர் எழுதுகிற ஊர் இது.

டிசம்பர் 26, வெள்ளி

போர்டு வந்துவிட்டது. கண்ணாடி மாதிரி இருக்கிறது. விஜயஸ்ரீ காலேஜிலிருந்து வருவதற்குள் முடித்து அசத்த வேண்டுமென்று, கோயிலில் எழுதுகிற பெயிண்டரைக் கூட்டி வந்தேன். ஓரச் சட்டத்தில் எழுதினால் போட்டோவில் விழாது. நடுவில் எழுதச் சொன்னேன். சிவப்பு எனாமல், இரண்டு பக்கமும் தாமரை.

"இங்கனயா எழுதணும்?" என்று பெயிண்டரே இரண்டு தடவை கேட்டார்.

"எழுதும்வே" என்றேன், தலைவர் தோரணையில். காயும்வரை யாரும் தொடாமல் மூடி வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 27, சனி

விஜயஸ்ரீ ஒரு காயைச் சுண்டினாள். அது பேரின் முதல் எழுத்தில் ஏறி நின்றுகொண்டது. ஸ்ட்ரைக்கர் தாமரையில் தட்டித் திசை மாறிப் போயிற்று.

அழவில்லை. "எப்பா, இது விளையாடுததுக்கா, கும்பிடுததுக்கா?" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

போட்டிக்குப் பதினாலு நாள். அந்தப் பெயிண்டர் ரெண்டு தடவ கேட்டாரே, அப்பமாவது யோசிச்சிருக்கக் கூடாதா நான்? ஒம்பதாங்கிளாஸ்ல நின்னவன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகூட இப்படிப் பண்ணாது.

பாரூக் வந்து விரலால் தடவிப் பார்த்தான். மட்டம் கெடாமல் தேய்த்து எடுக்க முடியுமாம். "ஆனா குடுத்த மனுசர்ட்ட கேக்காம தொடமாட்டேன்" என்றான்.

டிசம்பர் 29, திங்கள்

கேட்டேன். "எம்பேர அழிக்கணும்னா போர்ட இங்கன எறக்கி வச்சிட்டுப் போவே" என்றார் அண்ணாச்சி. கோபம் நியாயம்தான். உயிரோடு இருக்கிற மனுஷனிடம் உங்கள் பேரை அழிக்கவா என்று கேட்டால்?

டிசம்பர் 30, செவ்வாய்

மன்றத்து வாட்ஸ்அப்பில் விஜயஸ்ரீ இரண்டே வரி போட்டாள்: சாயங்காலம் அண்ணாச்சி கடைக்குப் போகிறேன். போர்டு தூக்க ஆள் வேண்டும்.

பேப்பருக்கு வராத பயல்களும் வம்பு என்றதும் வந்துவிட, பத்துப் பேரும் ஆஜர். நாலு துணைத்தலைவர்களும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள்.

சிமெண்டு மூட்டைகள் மேல் போர்டை வைத்தோம். "மாமா, போர்டுதான் எறக்கியாச்சே. ஒரு ஆட்டம் மட்டும் ஆடிப் பாருங்க. பொறவு நீங்க சொல்லுதபடி செய்யுதோம்" என்றாள் விஜயஸ்ரீ. அண்ணாச்சி சின்ன வயதில் ஆடியவராம். கை மடிப்பை ஏற்றிவிட்டு உட்கார்ந்தார்.

முதல் காய் தாமரையோடு நின்றது. இரண்டாவது, அவர் பேரில் ஏறி இறங்கி ஆடி அசைந்து ஓய்ந்தது. மூன்றாவது, குழிக்கு நேராகப் போன ரெட். அதுவும் தட்டி விலகியது. அண்ணாச்சி முகம் சிவந்துவிட்டது.

"ஏலே, விழ வேண்டிய ரெட்டுல்லா இது! அழிச்சித் தொலைங்கலே! எந்த மடப்பய இங்கன எழுதச் சொன்னான்?"

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள்.

ஜனவரி 2, வெள்ளி

பாரூக் முடித்துவிட்டான். கூலி என்று ஆரம்பித்தேன். "சும்மா இரிங்க அண்ணாச்சி" என்றான். விஜயஸ்ரீ சாப்பிடக்கூட எழவில்லை. காய் விழும் சத்தம் வீடு வரை கேட்கிறது.

ஜனவரி 10, சனி

மதுரை. காலிறுதியில் தோற்றாள். ஒரே ஒரு காய். திரும்பி வரும்போது பஸ்ஸில் முழுக்க அந்தக் காயை எப்படி அடித்திருக்க வேண்டும் என்றே பேசிக்கொண்டு வந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோவில்பட்டி வரை தலையாட்டினேன். பிறகு தூங்கிவிட்டேன்.

ஜனவரி 25, ஞாயிறு

வன்னியராஜ் அண்ணாச்சி ஆறு மணிக்கே கடையை அடைத்துவிட்டு வந்துவிடுகிறார். இன்றும் விஜயஸ்ரீயிடம் மூன்று ஆட்டம் தோற்றார். "இன்னொன்னு போடு தாயி" என்று எழுந்திருக்க மறுக்கிறார். எங்கள் தெருவிலிருந்து மூன்று சிறுமிகள் புதிதாகப் பழக வருகிறார்கள். நானும் ஒரு கை பார்க்கலாமென்று முன்னால் போனேன்.

"எப்பா, வரிசையில வாங்க" என்றாள்.

எனக்கு முன்னால் ஏழு பேர்.